சுமார் 760 பேர்

சுவிசில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்தத் துண்டு நன்கு பழக்கமானது. ஆனி மாதமளவில் பிள்ளையின் முதுகுப்பைக்குள் இருந்து கசங்கி வெளியே வரும். 'ஷூல்றைசே', அதாவது பாடசாலைச் சுற்றுலா. எத்தனை மணிக்கு ரயில், மழை பெய்தால் என்ன செய்வது, எப்படிப்பட்ட சப்பாத்துப் போடவேண்டும், நெருப்பில் வாட்டிச் சாப்பிட என்ன கொண்டுவர வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கும். கீழே ஒரு வரி: கூட வரக்கூடிய பெற்றோர் பெயரைத் தரவும். இரவில் வேலை செய்து பகலில் வீட்டில் இருக்கிற எங்களில் சிலர் அப்படிப் பெயர் கொடுத்துத்தான் லுசேர்ன் நகரத்துச் சிங்கத்தை முதன்முதலில் பார்த்தோம். பிறகு எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருக்கிறோம்.

சிங்கம் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு ஒரு சிங்கம்தான் நினைவுக்கு வரும். கையில் வாளோடு கொடியில் நிற்கிற சிங்கம். பாஸ்போர்ட்டில், நாணயத்தில், சோதனைச்சாவடியில் பார்த்துப் பார்த்துப் பழகிய சிங்கம். லுசேர்னில் இருப்பது வேறு. பழைய கல் உடைக்கும் இடமொன்றின் செங்குத்தான பாறைச் சுவரில் குடைந்த குகைக்குள், பத்து மீற்றர் நீளத்தில் அது சரிந்து கிடக்கிறது. விலாவில் முறிந்த ஈட்டி. முன்னங்காலுக்குக் கீழே பிரெஞ்சு மன்னரின் லில்லிப்பூச் சின்னம் பொறித்த கேடயம். தலைமாட்டில் சுவிஸ் சிலுவைக் கேடயம். முன்னால் ஒரு சிறு குளம். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் முதல் தடவை பார்த்துவிட்டு, "சிங்கம் சாகிறதைப் பார்த்து முதல் தரம் கவலைப்படுறன்" என்று சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. குளத்தில் காசு கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். குகையின் வெளிவிளிம்பு பன்றியின் உருவம் போல இருக்கிறது, சிற்பிக்குச் சரியாகக் கூலி கொடுக்கவில்லை என்பதால் அப்படி வெட்டிவிட்டான் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பிள்ளைகளுக்கு மறக்காமல் நிற்பது அதுதான். சுவிஸ் ரீச்சர் அவர்களை அமைதிப்படுத்தி, நின்றபடியே வரலாறு சொல்வார். தூரதேசத்து மன்னனுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் இறந்த எமது வீரர்கள் இவர்கள் என்பது அதன் சாரம். பாறையின் மேலே பொறித்திருக்கும் இலத்தீன் வரியும் அதையே சொல்கிறது: சுவிஸ்காரரின் விசுவாசத்துக்கும் வீரத்துக்கும்.

நடந்தது இதுதான். பிரான்சின் மன்னர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சுவிஸ் கூலிப்படைகள் காவலிருந்தன. 1792 ஆகஸ்ட் 10ஆம் திகதி காலை, பாரிஸ் நகரத்துச் சனமும் ஆயுதம் தாங்கிய தேசியக் காவலரும் துய்லெறி அரண்மனையைச் சூழ்ந்துகொண்டனர். பதினாறாம் லூயி மன்னர் சண்டை தொடங்குவதற்கு முன்னரே குடும்பத்தோடு அரண்மனையை விட்டு வெளியேறி, சட்டமன்றத்தில் தஞ்சமடைந்துவிட்டார். காக்க வேண்டிய ஆள் இல்லாத வெறும் கட்டிடத்தைக் காத்துக்கொண்டு சுவிஸ் படையினர் நின்றார்கள். சண்டை மூண்டு, ஒரு கட்டத்தில் அவர்களின் கை ஓங்கியும் இருந்தது. அப்போது மன்னரிடமிருந்து ஒரு துண்டு வந்தது. சண்டையை நிறுத்தி முகாமுக்குத் திரும்புங்கள் என்று. அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். அதன் பிறகு இறந்தவர்கள்தான் அதிகம். பின்வாங்கும்போது, தோட்டத்தில் ஓடும்போது, சரணடைந்து ஆயுதத்தைக் கொடுத்த பின்னர், அடுத்த மாதம் 2ஆம், 3ஆம் திகதிகளில் சிறைக்குள் என்று கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தபின் கொல்லப்படுவது என்றால் என்ன என்று எங்கள் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படையைச் சேர்ந்த கார்ல் ஃபிஃபர் என்ற அதிகாரி அன்று விடுமுறையில் ஊரில் நின்றபடியால் தப்பினார். லுசேர்னின் பெரிய குடும்பமொன்றைச் சேர்ந்தவர். உயிர் தப்பியவரின் மனவுறுத்தல்தான் இந்தச் சிங்கத்தைச் செய்வித்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் பணம் திரட்டினார். ரோமில் இருந்த டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் மாதிரி செய்து அனுப்பினார். அவர் உயிருள்ள சிங்கத்தை அதுவரை கண்டதே இல்லை என்று சொல்வார்கள். லூக்காஸ் ஆகோர்ன் என்ற கல்தச்சன் பாறையில் செதுக்கினார். 1821 ஆகஸ்ட் 10ஆம் திகதி திறந்துவைத்தார்கள்.

இதைத் திறந்தபோது நாடே ஒருமித்துக் கண்ணீர் விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. தாராளவாதச் சிந்தனை கொண்டவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். சுதந்திர நாட்டின் பிள்ளைகள், தன் சொந்தச் சனத்தின்மீது சுடச்சொன்ன அந்நிய மன்னனுக்காகக் கூலிக்குச் செத்ததை எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்டார்கள். அன்று தாக்கியவர்கள் தரப்பிலும் சில நூறு பேர் செத்தும் காயப்பட்டும் இருந்தார்கள். பாரிசின் தச்சர்கள், கடைக்காரர்கள், கூலிகள். அவர்களைப் பற்றிப் பாறை ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பாறையும் மறுபக்கத்தாரைப் பற்றிச் சொல்வதில்லை.

ரீச்சர் சொல்லாத இன்னொன்றையும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடங்கள் முன்னர், 1790 ஆகஸ்டில், பிரான்சின் நான்சி நகரில் இதே மன்னரின் இன்னொரு சுவிஸ் படைப்பிரிவு கிளர்ச்சி செய்தது. சத்தோவியூ படைப்பிரிவு என்பது அதன் பெயர். சம்பளக் கணக்கைக் காட்டச் சொல்லித்தான் தொடங்கினார்கள். சொந்த அதிகாரிகளே, சுவிஸ்காரரே, அவர்களை விசாரித்தார்கள். ஒருவனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். இருபதுக்கு மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். 41 பேரைத் துடுப்புக் கப்பல் அடிமைகளாகப் பிறெஸ்ற் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். 1792 இல் விடுதலையாகி வந்த அவர்களைப் பாரிஸ் சனம் விழா எடுத்து வரவேற்றது. கணக்குக் கேட்ட அந்தச் சுவிஸ் சிப்பாய்களுக்கு ஒரு சிங்கமும் இல்லை, பூனையும் இல்லை.

ஏன் போனார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. மலைப்பக்கத்தில் பயிர் செய்யக்கூடிய நிலம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். வெளிநாட்டு அரசுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஆளைச் சேர்த்து அனுப்பிய பிரபுக் குடும்பங்கள் அதனால் பணக்காரர் ஆயின. லுசேர்ன், சொலத்தூர்ன், பேர்ண் நகரங்களில் நாம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிற பல மாளிகைகள் அந்தக் காசில் எழுந்தவை. 1848 இன் அரசியல் யாப்பு அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. 1859 இல் வந்த சட்டம் மிச்சத்தையும் இறுக்கியது. போப்பாண்டவரின் காவல் மட்டும் எஞ்சியது. இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடமுடியாத இந்த நாடு, ஒரு காலத்தில் தன் பெடியளை வெளிநாட்டுக்கு ஏற்றிப் பிழைத்தது. இதைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

ஒரு தடவை பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இவை எங்கட நாட்டுக்கும் வந்தவையோ?"

வந்தார்கள். ஊரில் உயர்தர வகுப்பில் இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு 'டி மெயுரன் குழு' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து என்று மனனம் செய்து எழுதினோம். அந்த டி மெயுரன் யார், எந்த ஊர் என்று ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. இங்கே வந்து நொய்சத்தேல் நகரத்துக்குப் போனபோதுதான் அது அந்த ஊர்க் குடும்பம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

சார்ள்ஸ் டானியேல் டி மெயுரன் 1781 இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். அது நன்னம்பிக்கை முனைக்குப் போய், பிறகு இலங்கைக்கு வந்து டச்சுக்காரரின் கோட்டைகளைக் காத்தது. தம்பி பியர் பிரெடெரிக் அங்கே அதை நடத்தினார். 1795 இல் ஆங்கிலேயர் இலங்கையைப் பிடிக்க எண்ணியபோது, ஹியூ கிளெக்கோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் நொய்சத்தேலுக்கு வந்தார். அந்த வருடம் பங்குனி மாதக் கடைசியில், படைப்பிரிவு முழுவதும் டச்சுச் சேவையில் இருந்து ஆங்கிலச் சேவைக்கு மாறுவதென்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒரு படையை ஆளோடு ஆயுதத்தோடு விற்று வாங்கியாயிற்று. அண்ணனும் பேராசிரியரும் எகிப்து வழியாக இந்தியாவுக்கு விரைந்தார்கள். கொழும்பில் இருந்த தம்பிக்குச் செய்தியை ஒரு பாற்கட்டிக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்றும் கதை இருக்கிறது. சுவிஸ்காரர் சம்பந்தப்பட்டால் பாற்கட்டி வராமல் இருக்குமா! திருகோணமலை 1795 ஆகஸ்டிலும், யாழ்ப்பாணக் கோட்டை செப்டெம்பரிலும், கொழும்பு 1796 பெப்ரவரியிலும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

ஆங்கிலேயர் சென்னையிலிருந்து அமில்தார்களைக் கொண்டுவந்து, தென்னை மரத்துக்கும் வரி போட்டு, 1797 இல் சனம் கிளர்ந்தெழுந்தபோது விசாரிக்கப் போட்ட குழுவின் தலைவர்தான் அந்தத் தம்பி, பியர் பிரெடெரிக். படைப்பிரிவு அதன்பிறகு மைசூருக்குப் போய், 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகச் சண்டை பிடித்தது. அங்குள்ள படையினர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பிறகு கனடாவரை போய் 1816 இல் கலைக்கப்பட்டது. அண்ணன் சேர்த்த விசித்திரப் பொருட்களையெல்லாம் 1795 இல் தன் நகரத்துக்கு அன்பளிப்புச் செய்தார். நொய்சத்தேலின் இனவியல் அருங்காட்சியகம் வளர்ந்தது அந்த வித்திலிருந்துதான்.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "அப்ப அவை அகதியா வந்தவையோ, ஆமியா வந்தவையோ?" என்று கேட்டாள். ஆமியாக வந்த சாதாரணச் சிப்பாய்களில் எத்தனை பேருக்கு எந்தக் கம்பனிக்காகத் தாங்கள் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்கும்? ஒரு நாள் காலை எழும்பும்போது கொடி மாறியிருந்தது. அவ்வளவுதான். லுசேர்ன் சிங்கம் ஒரு மன்னனை விட்டு அகலாத சுவிஸ்காரரைச் சொல்கிறது. எங்கள் ஊருக்கு வந்த சுவிஸ்காரரை மூன்றே வருடங்கள் கழித்து ஒரே கையெழுத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். விசுவாசம் என்பது சிப்பாயிடம் எதிர்பார்க்கப்படுவது. ஒப்பந்தம் எழுதுகிறவரிடம் அல்ல.

சரி, பாறைக்கே திரும்புவோம். சிங்கத்துக்குக் கீழே இலத்தீனில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. இறந்த அதிகாரிகள் ஒவ்வொருவரின் பெயரும் உண்டு. தப்பிய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கு வரும்போது பெயர் நின்று எண் தொடங்குகிறது: இறந்தவர் சுமார் 760, தப்பியவர் சுமார் 350. உரோம எண்ணைப் பிள்ளைகள் தாங்களே எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் இருக்கும் சொல்லின் பொருள்தான் 'சுமார்' என்று ரீச்சர் சொன்னார். இன்றைய வரலாற்றாசிரியர் பலர் இறந்தவர் தொகையை இதைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள்.

"சுமார் எண்டால் அவைக்கு வடிவாத் தெரியாதோ?" என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டான். சம்பளம் கொடுக்கிற அன்றைக்கு ஆள் கணக்கு இருந்திருக்கும், பெயர் இடாப்பு இருந்திருக்கும் என்று நாங்கள் விளக்கப் போனோம். அவன் விடவில்லை. "அப்ப ஏன் எழுதேல்ல?"

அந்தச் சொல்லுக்கு முன்னால் எங்களால் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்கால் கரையில் இறந்த சனத்துக்கும் இதே 'சுமார்'தான். ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011 இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. அதைவிடக் குறைவு என்பாரும் கூட என்பாரும் உண்டு. ஒரு பெயர் இடாப்பு மட்டும் இல்லை.

இயக்கத்தில் இறந்தவர்களுக்கு இடாப்பு இருந்தது. துயிலும் இல்லங்களில் கல் இருந்தது, கல்லில் பெயர் இருந்தது. போருக்குப் பின்னர் அவற்றை இராணுவம் உழுது தள்ளியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தின்மேல் 51ஆவது படையணியின் தலைமையகத்தைக் கட்டி 2011 இல் திறந்தார்கள். கிளிநொச்சியில் பீரங்கிக் குண்டு துளைத்த கொங்கிறீற் கட்டியின் மேல் தாமரை பூத்து நிற்கும் வெற்றிச் சின்னம் எழுந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் பார்க்க வந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு ரீச்சர் நின்று கதை சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளைகளில் யாராவது "மற்றப் பக்கத்து ஆக்களின்ர பேர் எங்க?" என்று கேட்டிருப்பார்களா என்று நாங்கள் யோசித்திருக்கிறோம்.

ஆனால் எங்கள் முற்றத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை 27 ஆம் திகதி மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பூப்போடச் சொல்கிறோம். எங்கள் தமிழ்ப் பாடசாலையில் ஒரு பையனின் பெரியப்பா 1986 இல் இறந்தவர். வேறு இயக்கம். கொன்றது எந்த ஆமியும் அல்ல. அந்த வீட்டில் அவருடைய படம் அலுமாரிக்கு உள்ளே, சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் வெளியே வரவில்லை. அந்தப் பையன் மண்டபத்தில் பூப்போட்டுவிட்டு வந்து, "பெரியப்பாவின்ர படம் எந்த வரிசையில?" என்று தாயைக் கேட்டபோது அவர் கைகழுவப் போய்விட்டார். பாறையில் பெயர் இல்லாத சிப்பாயைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பெருமூச்சு விட்டுப் பதில் சொல்கிற நாங்கள், இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லப் பழகவில்லை. சுவிஸ்காரருக்கும் பழக நாளெடுத்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போராட 1936 இலிருந்து சுமார் 800 சுவிஸ் தொண்டர்கள் போனார்கள். உயிரோடு திரும்பியவர்களை வெளிநாட்டுப் படையில் சேர்ந்த குற்றத்துக்காக இராணுவ நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. அந்தத் தீர்ப்புகளை ரத்துச் செய்து சட்டம் வந்தது 2009 இல். ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோன பிறகு.

இப்போது எங்கள் பிள்ளைகளே சிப்பாய்கள். சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்த குடும்பங்களில் மகனுக்கு வயது வந்ததும் இராணுவத்திலிருந்து கடிதம் வருகிறது. எங்களில் ஒரு தாய், வன்னியில் தம்பியைப் பலவந்த ஆட்சேர்ப்பிலிருந்து மறைக்க நிலத்தில் குழி தோண்டியவர். அவருடைய மகன் பயிற்சி முகாமிலிருந்து சனிக்கிழமை ரயிலில் துவக்கோடு வீட்டுக்கு வந்து, அதைச் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, "அம்மா, சாப்பாடு" என்றான். சுவிசில் இது சர்வசாதாரணம். அந்தத் தாய்க்கு அன்றிரவு நித்திரை இல்லை. துவக்கை நிலவறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். மகனுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. அவனுடைய தம்பிக்குக் கடிதம் வந்தபோது மட்டும், குடிசார் சேவை என்று ஒன்று 1996 இலிருந்து இருக்கிறது, ஒன்றரை மடங்கு காலம் வயோதிபர் இல்லத்திலோ காட்டிலோ வேலை செய்யலாம் என்று தேடிப் பிடித்துக் காட்டினார். அதற்கு முன் மறுத்தவர்கள் இங்கும் சிறைக்குத்தான் போனார்கள்.

இதெல்லாம் சேர்ந்துதான், போன தடவை எங்கள் சுற்றுலாவின் வழியை மாற்றினோம். சிங்கத்திலிருந்து சில நிமிட நடையில் வட்டமான கட்டிடம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் கழிப்பறை தேடி அதைத் தாண்டிப் போயிருக்கிறோமே தவிர உள்ளே போனதில்லை. ரிக்கற் காசு ஒரு காரணம். சிங்கம் இலவசம்.

உள்ளே இருப்பது பூர்பாக்கி பனோரமா. நடுவில் நாம் நிற்க, எங்களைச் சுற்றி நூறு மீற்றருக்கும் மேல் நீளமான ஒரே ஓவியம். பனி மூடிய மலைநாடு. 1871 பெப்ரவரி 1ஆம் திகதி, நொய்சத்தேல் எல்லையில் லே வெறியேர் கிராமம். பிரஷ்யாவிடம் தோற்ற பிரெஞ்சுப் படை, ஜெனரல் பூர்பாக்கி தற்கொலைக்கு முயன்ற பிறகு ஜெனரல் கிளெஞ்சான் தலைமையில், எல்லையில் ஆயுதத்தைக் கையளித்துவிட்டு நாட்டுக்குள் நுழைகிறது. மூன்று நாட்களில் 87,000 பேரும் ஏறத்தாழ 12,000 குதிரைகளும் வந்தனர். அப்போது சுவிசின் மொத்தச் சனத்தொகையே 27 இலட்சத்துக்குக் கிட்டத்தான். மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பி, தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் வைத்துச் சோறு போட்டார்கள். அம்மையும் காய்ச்சலும் பரவி 1,700 பேரளவில் இங்கேயே இறந்தார்கள். மிகுதிப் பேர் ஆறு கிழமை கழித்து ஊர் திரும்பினார்கள். இதை வரைந்த எட்வார்ட் காஸ்திறே செஞ்சிலுவைத் தொண்டராக அந்தப் படையோடு நடந்தவர். பத்து வருடம் கழித்து, 1881 இல், உதவியாளர்களோடு ஜெனீவாவில் இருந்து வரைந்தார். 1889 இல் ஓவியம் லுசேர்னுக்கு வந்தது.

சிங்கத்தின் முன்னால் ஓடித்திரிந்த பிள்ளைகள் இங்கே அடங்கிப் போனார்கள். ஒரு சிப்பாய்க்குக் காலில் சப்பாத்து இல்லை, துணி சுற்றியிருக்கிறது. பட்டினியில் குதிரைகள் சரிந்து கிடக்கின்றன. ஒருவன் கொடுத்த ரொட்டியை வாங்கக் கைகள் நீளுகின்றன. எல்லையில், போகிற போக்கில் கழற்றிப் போட்ட துவக்குகள் குவியலாகக் கிடக்கின்றன. "இவையும் ஆமியோ?" என்று ஒரு சிறியவன் கேட்டான். ஆமியாக இருந்தவர்கள், இப்போது அகதிகள் என்றோம். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது.

அழகான கதையை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது என்று முதலே பேசி வைத்திருந்தோம். இதே எல்லை 1942 ஆகஸ்டில் யூத அகதிகளுக்கு மூடப்பட்டதையும், ஆயிரக்கணக்கானவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதையும் சொன்னோம். 2013 இல் இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு தமிழர் இலங்கையில் இறங்கியதும் கைதுசெய்யப்பட்டதையும், அதன் பிறகுதான் சுவிஸ் சில காலம் அனுப்புவதை நிறுத்திவைத்ததையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னோம். 87,000 பேருக்குத் துவக்கைக் கீழே வைத்ததே அனுமதிப் பத்திரம். எங்கள் பெடியளுக்கு, ஒருகாலத்தில் துவக்கு வைத்திருந்தோம் என்பதை விசாரணையில் சொல்லவேண்டும், வெளியில் சொல்லக்கூடாது. எத்தனை பேர் இதே சுவிசில், பக்கத்து வீட்டுக்கும் பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல், தோளில் ஒரு சன்னத் துண்டோடு வாழ்கிறார்கள்.

அப்படி ஒருவர் அன்று எங்களோடு வந்திருந்தார். பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிறவர். சாமான் பைகளைத் தூக்க உதவிக்கு வந்தவர். சிங்கத்தின் முன்னால் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு தள்ளி நின்றார். பனோரமாவில் அந்தத் துவக்குக் குவியல் இருக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றார். நாங்கள் ஒரு சுற்று முடித்து வந்தபோதும் அங்கேதான் நின்றார். அந்தச் சிறியவன் போய் அவருடைய கையைப் பிடித்தான். "மாமா, இதைப் போட்டாப் பிறகு இவை என்ன செய்தவை?"

"பசிக்குதெண்டு சொல்லியிருப்பினம்" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள் என்று தெரிந்தது. கேட்கட்டும்.

திரும்பும் ரயிலில் எல்லோருக்கும் ரொட்டியும் சம்பலும் பங்கிட்டோம். பிள்ளைகளிடம் ஒரு தாளில், இன்று பார்த்த பெயர்களில் ஞாபகம் இருப்பதை எழுதச் சொல்லியிருந்தோம். காஸ்திறே, பூர்பாக்கி, ஃபிஃபர் என்று எழுதினார்கள். பன்றியின் படத்தையும் கீறினார்கள். சுமார் என்பதை ஒருவன் பெரிய எழுத்தில் எழுதி அதன்கீழ் கேள்விக்குறி போட்டிருந்தான். அந்தச் சிறியவன் தாளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தவரைப் பார்த்துக் கேட்டான்:

"மாமா, உங்கட பேர் எங்கயாவது எழுதியிருக்கோ?"

ஒரு கணம் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஓம். றெஸ்ரோரன்ற் குசினிச் சுவரில, வேலை நேரம் ஒட்டுற தாளில. திங்கள் காலமை பத்து மணிக்கெண்டு போட்டிருக்கு."